வலிமை குறைந்த காந்தமும் படம் எடுக்கும்

நம் உடலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீரே. தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கருவாகிய புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம்போல் இயங்குகிறது. எம்.ஆர்.ஐ. கருவி படம் எடுப்பது இந்தப் புரோட்டான்களின் துணைகொண்டுதான்.

உடலைக் காந்தப் புலத்தில் வைத்தால் புரோட்டான்களில் சில புலத்தின் திசையிலும் சில எதிர்த்திசையிலும் அமைகின்றன. புலத்தின் திசையில் அமைபவை சற்றே மிகுதி. அந்த மிகுதியே நமக்குச் சைகை தருகிறது. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியில், ஒரு கோடி புரோட்டான்களுக்கு இம்மிகுதி ஏறத்தாழ 50. புலத்தை 0.05 டெஸ்லாவாகக் குறைத்தால் இரண்டுகூடத் தேறாது!

ஆகவேதான் வலிமை மிக்க காந்தத்தை நாடினார்கள். அதற்கு மீக்கடத்திக் கம்பிச்சுருள் வேண்டும். அதைத் திரவ ஹீலியத்தால் -269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். வெளி ரேடியோ அலைகள் புகாத தனி அறையும் வேண்டும். செலவோ கோடிக்கணக்கில்.

அப்படியானால் வலிமை குறைந்த காந்தத்தால் பயனில்லையா? உண்டு. ஒரே அளவீட்டை 16 முறை எடுத்துக் கூட்டுவதாகக் கொள்வோம். சைகை ஒவ்வொரு முறையும் ஒரே சீராக வருவதால் 16 மடங்காகும். இரைச்சலோ கூடியும் குறைந்தும் தாறுமாறாக வருவதால் 4 மடங்கே ஆகும். ஆக, தெளிவு 4 மடங்கு கூடுகிறது. இதற்கு நேரம் மிகுதியாகும் என்பது உண்மையே. படத்தைச் சற்றுப் பெரிய கட்டங்களாகப் பிரித்தாலும் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கூடுதல் சைகை கிடைக்கும். நுண்ணிய விவரங்கள் மட்டும் மறையும்.

மறைந்தால் கேடில்லையா? மூளையில் நீர் தேங்கித் தலை பெருக்கும் நோய் கைக்குழந்தைகளைத் தாக்குகிறது. நீர் எங்கே, எவ்வளவு தேங்கியுள்ளது என்பதே மருத்துவர் முதலில் அறிய வேண்டுவது. அதற்குப் பெரிய கட்டங்களாலான படமே போதும். எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் சி.டி. படத்தைக் குழந்தைக்குப் பலமுறை எடுப்பதும் நல்லதன்று.

இந்நோய் மிகுந்த உகாண்டாவில், உம்பராரா பல்கலைக்கழகத்தில் 2022-இல் இத்தகைய கருவி ஒன்றை நெதர்லாந்து, அமெரிக்க அறிஞர்களுடன் சேர்ந்து அங்கேயே பூட்டி அமைத்தார்கள். சிறு சிறு நிலைக்காந்தத் துண்டுகளை வளையங்களாக அடுக்கி, ஏறத்தாழ 0.05 டெஸ்லா புலத்தைப் பெற்றார்கள். அந்தக் காந்தத்துக்கு ஹீலியமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். 2024-இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார், சாதாரண மின்செருகியில் இணைத்து முழு உடலையும் படம் எடுக்கும் 0.05 டெஸ்லா கருவியைப் பற்றி அறிவித்தனர்.

மிகச் சிறிய கட்டிகளைக் காண இன்றும் வலிமை மிக்க காந்தமே வேண்டும். ஆயினும் பெரிய கருவியே இல்லாத ஊரில், குழந்தையின் தலையில் தேங்கிய நீரைக் காட்டுவதற்கு இந்த எளிய காந்தம் போதும்.