கைவிடப்பட்ட வானூர்தித் தளமும் இடப்பெயர்ச் சான்றும்

இடப்பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுங்கால், பெயர் சுட்டும் பொருளின் காலம் வேறு, பெயர் பிறந்த காலம் வேறு என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்திலுள்ள சில்வர்ஸ்டோன் இதனை நன்கு விளக்கும்.

1943இல் குண்டுவீச்சு வானூர்திக் குழுவினர்க்குப் பயிற்சியளிக்கத் திறக்கப்பெற்ற அத்தளம், போர் ஓய்ந்தபின் பயனற்றுக் கிடந்தது. மூன்று ஓடுபாதைகளும் அவற்றைச் சூழ்ந்த சுற்றுப்பாதையும் எஞ்சின. ஏர் செல்லாத அவ்வன்றளமே 1948இல் மோட்டார்ப் பந்தயத்திற்கு ஏற்றதாயிற்று. தடத்தின் பகுதிகட்குப் பெயரும் வேண்டியதாயிற்று. அண்மையில் இருந்த இடைக்காலத் தாமஸ் பெக்கெட் சிற்றாலயத்தால் ‘பெக்கெட்ஸ்’ வளைவும், வானூர்திக் கொட்டகைகளால் ‘ஹேங்கர்’ நேர்தடமும், தொலைவில் சரே வட்டாரத்திலுள்ள மோட்டார்க் கழக மாளிகையால் ‘வுட்கோட்’ வளைவும் பெயர் பெற்றன. இவற்றுள் முன்னதை இடைக்காலத்ததென்றும் அடுத்ததைப் போர்க்காலத்ததென்றும் அடுக்குவார் பிழைபடுவர். மூன்றும் பந்தயத்தோடு பிறந்தனவே. வுட்கோட்டுக்கோ அம்மண்ணோடு தொடர்பே இல்லை!

ஓடுபாதைகளின்மேல் சென்ற நேர்தடங்கள், மறைந்த பந்தய வீரர் சீமன், சீக்ரேவ் ஆகியோர் பெயரைப் பெற்றிருந்தன. 1949இல் அத்தடங்கள் விலக்கப்படவே அப்பெயர்களும் வழக்கொழிந்தன. அங்குப் பயிற்சிக்குப் பறந்த வெல்லிங்டன் வானூர்தியின் பெயர் ஒரு நேர்தடத்திற்கு இடப்பட்டது 2010ஆம் ஆண்டிலேயாம்.