ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: கம்ப்யூட்டர் ஏன் ஸ்லோ ஆகுது?

ஆன் பண்ணிட்டு, டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கிற கம்ப்யூட்டர் உங்க வீட்ல இருக்கா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல என் சித்தப்பா வீட்ல ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கு அதோட கதைதான்.

சித்தப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுறவர். முன்னாடி கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைஞ்சதை இப்போ கம்ப்யூட்டர்ல வரையிறார். அதை வச்சுத்தான் அட்டையில ஓட்டை போடுவாங்க. தறி மேல இருக்கிற ஜக்கார்டுல அந்த அட்டை ஏறினதும், எந்தப் பாவு இழையைத் தூக்கணும்னு அந்த ஓட்டைகள்தான் முடிவு பண்ணும். பத்து வருஷ டிசைன் மொத்தமும் அந்த ஒரே மெஷின்ல. வேற காப்பி கிடையாது.

ஒரு கடையில "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. இன்னொரு கடையில "புதுசு வாங்கிடுங்க". சித்தப்பா எனக்கு போன் பண்ணி, "இன்னாடா பண்றது?"ன்னார். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க சித்தப்பா"ன்னேன்.

போனதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினேன். விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல சிபியு, மெமரி, டிஸ்க்னு மூணு எண்ணைப் பாருங்க. சித்தப்பாவுக்குத் தறியை வச்சே சொன்னேன். நெய்யிறவர் சிபியு. கைக்குப் பக்கத்துல சுத்தி வச்சிருக்கிற தார், மெமரி. உள் ரூம் பீரோவுல இருக்கிற பட்டு, டிஸ்க். பக்கத்துல தார் தீர்ந்தா, ஒவ்வொரு தடவையும் குழியை விட்டு எழுந்து பீரோவுக்குப் போகணும். கை எவ்வளவு வேகமா இருந்தாலும் தறி நிக்கும்.

சிபியு எப்பவும் உச்சத்துல இருந்தா, எந்த புரோகிராம் அதைத் தின்னுதுன்னு அதே லிஸ்ட்ல தெரியும். சூட்டையும் பாருங்க. தறி வீட்ல பறக்கிற நூல் பஞ்சு ஃபேன்ல அடைச்சுக்கும். சூடு ஏறினா சிபியு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மெமரி நிரம்பி வழிஞ்சா, ஸ்டார்ட்அப் பகுதியில தேவையில்லாததை நிறுத்துங்க. ரெண்டு ஆன்ட்டிவைரஸ் ஓடினா ஒண்ணை எடுத்துடுங்க. அப்பவும் பத்தலைன்னா ரேம் கூட்டணும்.

சித்தப்பா மெஷின்ல சிபியு சும்மா இருந்துச்சு. மெமரி பாதிதான். டிஸ்க் மட்டும் 100 சதவீதம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க்கோட ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட். நல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு சாதாரணமா சில பத்து மில்லிசெகண்ட் போதும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச புரோகிராமை ஓட்டினேன். மஞ்சள் காட்டுச்சு. டிஸ்க்ல சில இடங்கள் கெட்டுப்போயிருக்கு. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி பண்றதுதான் அந்த ஸ்லோ.

இந்த நிலைமையில ஃபார்மட் அடிச்சா டிசைன் எல்லாம் போயிடும். டீஃபிராக் பண்றதும் ஃபுல் ஸ்கேன் போடுறதும் சாகப் போற டிஸ்க்கை இன்னும் ஓட விடுறதுதான். முதல் வேலை காப்பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி, டிசைன் ஃபோல்டரை மட்டும் முதல்ல எடுத்தோம். ராத்திரி முழுக்க ஓடுச்சு.

காலையில ரெண்டு ஃபைல் மட்டும் வரல. ஒண்ணோட அட்டை பரண் மேல கட்டிப் போட்டிருந்துச்சு. அதைப் பார்த்து திரும்ப வரைஞ்சுக்கலாம்னார். இன்னொண்ணு? "அந்தப் புடவை வித்தே எட்டு வருஷம் ஆச்சு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

அப்புறம் பழைய டிஸ்க்கைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டோம். அதுல சுத்துற தட்டு கிடையாது. டேட்டாவைத் தேடி எடுக்க ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகுற நேரத்துல நூத்துல ஒரு பங்குகூட ஆகாது. இப்போ டீ கொதிக்கிறதுக்குள்ள மெஷின் ரெடி. புது கம்ப்யூட்டர் வாங்குற காசு மிச்சம். டிசைனுக்கு இப்போ ரெண்டு காப்பி, ஒண்ணு அத்தை வீட்டு பீரோவுல.

உங்க வீட்டு மெஷின்ல இன்னைக்கே அந்த மூணு எண்ணைப் பாருங்க. டிஸ்க் 100-லயே நின்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துடுங்க.