லக்கல ஏற்றமும் போத்தல் தண்ணீரும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர வழியாக லக்கலவுக்குப் போகும் வீதி எஞ்சின்களுக்குப் பொல்லாதது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீற்றர் உயரம். ரிவஸ்டன் பக்கம் 1400 மீற்றரை நெருங்குகிறது. ஆயிரம் மீற்றர் ஏற்றத்தைச் சின்ன கியரில் முக்கி முனகி ஏறிவிட்டு மறுபுறம் வளைந்து வளைந்து இறங்கினால் வெயில் காயும் தாழ்நிலம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரை விட்டுக்கொடுத்த மக்களுக்கென 2018இல் திறக்கப்பட்ட லக்கலப் புதுநகரம் அந்தப் பக்கம்தான். இந்த ஏற்றத்தில் பெனட்டைத் திறந்து நிறுத்திவிட்டு, ஓடையில் போத்தலை நிரப்பிவந்து ரேடியேட்டரில் ஊற்றுவதைப் பலர் சாதாரணப் பராமரிப்பு என்றே நினைக்கிறார்கள். சாதாரணம் அல்ல, நோயின் அறிகுறி.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். லக்கல வயல்களில் உழும் கை டிராக்டரைப் பாருங்கள். எந்தக் கம்பனியின் தயாரிப்பானாலும் நம் நாட்டில் அதற்குப் பெயர் லேண்ட்மாஸ்டர். அதன் பழைய வகை எஞ்சினின் தலைமேல் ஒரு தொட்டி இருக்கும். எஞ்சின் சூடேறும்போது தொட்டித் தண்ணீர் தாராளமாகக் கொதித்து ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க 0.3 மெகாஜூல் போதும். அதே லீற்றரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வேண்டும். ஆவியோடு அவ்வளவு வெப்பமும் வெளியேறிவிடுகிறது. தண்ணீர் குறைந்தால் மிதவையின் சிவப்புப் பந்து கீழே இறங்கிக் காட்டிக்கொடுக்கும், வாய்க்காலில் மொண்டு ஊற்றுவார்கள். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் குறைவது நோயல்ல, அதன் வேலை முறையே அதுதான்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டியும் இதே ஆவிக் குளிர்ச்சியில்தான் ஓடியது. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு வண்டியைக் கொண்டுபோனபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்தது. 1900ஆம் ஆண்டு வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். எட்டாயிரத்துக்கும் அதிகமான சிறு குழாய்கள், அவற்றினூடே காற்று. தண்ணீரை ஆவியாக்கித் தொலைக்காமல், சுற்றவிட்டு ஆறவைத்து மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் வழி அப்போது ஒழுங்காகக் கைகூடியது. இன்றைய வானும் காரும் அந்த வழியில் வந்தவை. முச்சக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தலையிடி எதுவுமே இல்லை. எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகச் செதில்களும் காற்றும் போதும்.

ஆக வானின் குளிரூட்டும் அமைப்பு மூடியது. சூட்டில் விரியும் கூலன்ட் ரேடியேட்டர் மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தாங்கிக்குப் போகும். ஆறியதும் அங்கிருந்தே திரும்பி உறிஞ்சப்படும். வருடக்கணக்கில் மிகச் சிறிதளவே குறையவேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஊற்றவேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை.

ஏற்றத்தில் இந்த அமைப்பின்மேல் விழும் சுமை எவ்வளவு? வான், ஆட்கள், மூட்டைகள் எல்லாம் சேர்ந்து 2 தொன் என்று வைப்போம். ஆயிரம் மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 20 மெகாஜூல் வேலை வேண்டும். எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சில்லுக்கு வருகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் எஞ்சினின் உடலில் இறங்குகிறது. அதாவது வானை மேலே தூக்கும் வேலைக்குச் சமமான வெப்பத்தைக் கூலன்ட் சுமந்துபோய்க் காற்றில் கொட்டவேண்டும். கொட்டத் தவறினால், கொதிக்கும் தண்ணீர் எட்டு லீற்றருக்கு மேல் ஆவியாகப் போதுமான வெப்பம் அது. பல வான்களில் மொத்தக் கூலன்ட்டே ஏறக்குறைய அவ்வளவுதான்.

காற்றும் கைகொடுக்காது. மெதுவாக ஏறுவதால் முகப்பில் மோதும் காற்று குறைவு. பாரம் முழுவதும் ஃபேன்மீது. 1400 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. லக்கலவிலிருந்து திரும்பி வரும் ஏற்றம் இதைவிட மோசம், ஏனென்றால் அடிவாரமே சூடு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 பாகை, காற்று 25 பாகை என்றால் வித்தியாசம் 70. காற்று 35 ஆனால் 60. அங்கேயே ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. இரத்தோட்டைப் பக்கமிருந்து சிரமமில்லாமல் ஏறிய வான் திரும்பும்போது மக்கர் பண்ணுவது இதனால்தான்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி விரிவாகச் சொல்லியாகவேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீரின் கொதிநிலை குறையும். ரிவஸ்டனில் அது ஏறத்தாழ 95 பாகைதான். எஞ்சின் வழக்கமாக ஓடுவதே 85, 95 பாகைக்கிடையில். மூடி இல்லையென்றால் அங்கே எந்த எஞ்சினும் கொதித்துவிடும். மூடியின் சுருள்வில், வெளிக்காற்றைவிட 0.9 பார் அளவு கூடுதலான அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதால் அதே தண்ணீர் 116 பாகை வரை கொதிக்காமல் இருக்கிறது. தளர்ந்த வில்லும் வெடித்த ரப்பர் வளையமும் உள்ள மூடியால் இது முடியாது. ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது, சமதரையில் ஒன்றுமில்லை என்றால் முதலில் மாற்றிப்பார்க்கவேண்டியது மூடியை. கராஜில் மாற்றப்படும் மலிவான பொருள்களில் அதுவும் ஒன்று.

சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். உள்ளே 115 பாகையில் 6 லீற்றர் தண்ணீர். மூடி திறந்த நொடியில் கொதிநிலை 95 பாகைக்கு விழுகிறது. எஞ்சிய 20 பாகை வெப்பம் சுமார் 220 கிராம் தண்ணீரைச் சடுதியில் நீராவியாக்கும். அந்த உயரத்தில் அந்த நீராவியின் கனவளவு 400 லீற்றருக்கும் மேல். அது சும்மா வெளியேறாது, கொதிநீரையும் அள்ளிக்கொண்டு திறந்தவரின் முகத்துக்கு வரும். ஈரத்துணியைச் சுற்றித் திறப்பேன் என்பதெல்லாம் வீண் வீரம்.

இனிக் கூலன்ட். நம் நாட்டில் எஞ்சின் தண்ணீர் உறைவதில்லையே, பிறகெதற்கு என்று கேட்பவர்கள் பாதி சரி. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே சிறந்தது: ஒரு கிலோ தண்ணீர் ஒரு பாகை சூடேற 4.2 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். எதிலீன் கிளைக்கோலும் தண்ணீரும் சரிபாதி கலந்தது சுமார் 3.5தான் வாங்கும். ஆனால் அந்தக் கலவை சாதாரண அழுத்தத்திலேயே 107 பாகை வரை கொதிக்காது. அதைவிட முக்கியம், அதில் சேர்த்திருக்கும் துருத் தடுப்பான்கள். அலுமினியம், வார்ப்பிரும்பு, செம்பு, ஈயப்பற்று எல்லாம் ஒரே சூடான திரவத்தில் நனைந்துகொண்டிருந்தால் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும். தடுப்பான்கள் இல்லாத தண்ணீரில் அரிப்பு சத்தமில்லாமல் நடக்கும்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பது நம்மை ஏமாற்றும். மாத்தளை மாவட்டத்தின் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை. உலர்வலயக் கிணறுகளில் கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் ஏறி, உலோகத்திலிருந்து வெப்பம் வெளியேறுவதை மறிக்கும். ஜப்பானிய வாகனம் வைத்திருப்பவர்கள் இங்கே இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். ஜப்பானியக் கூலன்ட்களில் பொதுவாகப் பொஸ்பேற்று உண்டு. கடினநீரின் கல்சியத்தோடு சேர்ந்தால் அது வீழ்படிவாகிக் குழாயை அடைக்கும். குழாய்நீர் கடினமான ஐரோப்பாவின் தயாரிப்பாளர்கள் பொஸ்பேற்றைத் தவிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் வெறும் சாயம், எந்தத் தரத்துக்கும் அத்தாட்சி அல்ல. வாகனத்தின் கைநூல் சொல்லும் வகையைப் பார்த்து வாங்கவேண்டும்.

ஊற்றும் முறை எளிது. காலையில், எஞ்சின் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் வைத்துப் பிளாஸ்டிக் தாங்கியின் இரண்டு கோடுகளுக்கிடையே மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்ட்டை மேல்கோடு வரை. போத்தலில் இருப்பது ஏற்கெனவே கலந்ததா, கலக்கவேண்டியதா என்று லேபிளைப் பார்ப்பது அவசியம். கலக்கவேண்டியதென்றால் வடித்த நீர் மட்டும். தாங்கி காலியாக இருந்தால் ரேடியேட்டர் மூடியையும் ஆறிய பின் திறந்து பாருங்கள். ஹைபிரிட் கார்களில் இன்வேர்ட்டருக்குத் தனித் தாங்கி உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாதத்தில் மறுபடி குறைந்தால் ஊற்றுவதை நிறுத்தித் தேடவேண்டும். ஹோஸ் இணைப்புகளில் உலர்ந்த வண்ணத் தடம், தண்ணீர் பம்பின் அடியில் கசிவு, வண்டிக்குள் இனிப்பு வாடை. வெளியே எங்கும் ஈரமில்லாமல் குறைந்தால் ஹெட் காஸ்கட்மீது சந்தேகம் வரவேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, அந்த வாகனத்தோடு ரிவஸ்டன் ஏறாதீர்கள்.

ஏற்றத்தில் முள் மேலே போகத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வியர்க்கும்தான், ஆனால் அது இரண்டாவது சிறிய ரேடியேட்டர். இறங்கவில்லையென்றால் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். நீராவி வந்தால் உடனே எஞ்சினை அணைத்து, முக்கால் மணித்தியாலமாவது மூடியைத் தொடாமல் இருங்கள். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கக்கூடும். நன்றாக ஆறிய பிறகு, வேறு வழியே இல்லையென்றால், ஓடைத் தண்ணீரையும் ஊற்றலாம். மாத்தளை போய்ச் சேர அது உதவும். சேர்ந்ததும் முழுவதையும் வடித்துக் கழுவிப் புதுக் கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

வடித்ததை வீதியோரத்தில் கொட்டவேண்டாம். எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாயும் குழந்தையும் ருசிபார்த்துவிடும், ஒரு சில மிடறே உயிரைக் குடிக்கும். இந்த வீதியைச் சுற்றியுள்ள அம்பன் கங்கைப் படுகையின் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழ்கின்றன. 1985இல் அறிவியலுக்கு அறிமுகமான டோகின்சியா சிறிலங்கென்சிஸ் அவற்றில் ஒன்று. பழைய கூலன்ட்டை மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே ‘நஞ்சு’ என்று எழுதி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள்.