24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டும் ஒருவருக்கு வயிறு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் சோடா குடித்துப் பார்ப்பார். மறுநாள் கிளினிக்கில் ஒரு ஊசி. வலி தொப்புளைவிட்டு வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிய பிறகுதான், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வந்து சேருவார். அப்பெண்டிக்ஸ்தானா? இன்றிரவே ஆபரேஷனா, காலை வரை தாங்குமா?

இதற்கெல்லாம் எழுதி வைத்த வழிகாட்டிகள் உண்டு. உலக அவசர அறுவைச் சிகிச்சைச் சங்கத்தின் ஜெருசலேம் வழிகாட்டி அவற்றில் ஒன்று, 2020இல் புதுப்பிக்கப்பட்டது. சிக்கலில்லாத குடல்வால் அழற்சி என்றால், மருத்துவமனையில் சேர்த்தபின் 24 மணி நேரம் வரை அறுவையைத் தள்ளலாம் என்கிறது அது. சர்ஜனுக்கு இந்த ஒரு வரி போதும். இதையே கணினியில் ஏற்றி, எதிரே படுத்திருக்கும் நோயாளிக்கு ஏற்ற ஆலோசனையைச் சொல்லவைப்பதுதான் முடிவுத்துணைக் கருவி. அங்கேதான் வம்பு தொடங்குகிறது. சேர்த்தது என்றால் ஓ.பி. சீட்டு போட்ட நேரமா, வார்டில் படுக்கவைத்த நேரமா? வீட்டில் வலியோடு கிடந்த இரண்டு நாளை எந்தக் கட்டத்தில் பதிவது? ‘சிக்கலில்லாத’ என்று யார் சொல்வது? ஸ்கேன் சொல்லும் என்றால், ராத்திரி ஸ்கேன் எடுக்க ஆள் இல்லாதபோது கருவி எந்தக் கிளையில் போகும்?

கருவி செய்வதென்றால் புரோகிராம் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது சின்ன வேலை. வழிகாட்டி மழுப்பிவிட்டுப் போன இடங்களில் எல்லாம் ஓர் அறுவை மருத்துவரை உட்காரவைத்து, “சரி, எத்தனை மணி? எத்தனை டிகிரி?” என்று கேட்டுப் பதில் வாங்குவதுதான் பெரிய வேலை.

அப்படிப் பதில் வாங்கிய பழைய முயற்சி ஒன்று காகிதத்திலேயே இருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் அல்ஃப்ரெடோ அல்வரடோ, 305 நோயாளிகளின் பதிவுகளிலிருந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். வலி இடம் மாறியதா, 1. பசி இல்லையா, 1. குமட்டல், 1. வலப்பக்க அடிவயிற்றை அழுத்தினால் வலிக்கிறதா, 2. கையை எடுத்ததும் சுரீர் என்கிறதா, 1. காய்ச்சல், 1. வெள்ளையணு கூடியிருந்தால் 2, அதில் நியூட்ரோஃபில் மிகுந்திருந்தால் 1. ஆக மொத்தம் 10. ஏழோ அதற்கு மேலோ வந்தால் அறுவை. இன்று கைப்பேசிச் செயலிகள் இதையே கணக்கிட்டுத் தருகின்றன. ஆனால் 2020 வழிகாட்டியோ, பெரியவர்களுக்கு நோயை உறுதிசெய்ய இந்த மதிப்பெண்ணை மட்டும் நம்ப முடியாது என்கிறது. பழைய விதியையே வைத்திருக்கும் செயலி இதை யாருக்கும் சொல்லாது.

இதற்கும் முன்பே, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற அறுவை மருத்துவர் வயிற்றுவலிக்குக் கணினியை இறக்கிவிட்டார். 1972இல் வெளியான அவருடைய ஆய்வில், 304 நோயாளிகளில் கணினியின் கணிப்பு 91.8 சதவீதம் சரியாக இருந்தது. மூத்த மருத்துவர்களுடையது 79.6. ஆனால் வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனபோது கணினியின் சாமர்த்தியம் குறைந்தது. அது கற்றது லீட்ஸ்காரர்களின் வயிற்றை. நம் பக்கத்தில் அதே வலப்பக்க வலி சிறுநீர்க் குழாய்க் கல்லாக இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம்.

புருணையில் இதை உணர்ந்து 2010இல் தங்கள் மக்களுக்கென்று ரிபாசா என்ற மதிப்பெண் முறையைச் செய்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஒப்பீட்டில், உண்மையில் குடல்வால் அழற்சி இருந்தவர்களில் ரிபாசா 98 சதவீதம் பேரைப் பிடித்தது, அல்வரடோ 68 சதவீதத்தை. ரிபாசாவில் எனக்குப் பிடித்தது ஒரு விசித்திரமான கேள்வி: நோயாளி வெளிநாட்டு அடையாள அட்டை வைத்திருக்கிறாரா? ஆம் என்றால் கூடுதலாக ஒரு மதிப்பெண். உடற்கூறு நூல் எதிலும் இல்லாத விதி இது. அந்த ஊர் மருத்துவமனைக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்தவர்கள் மட்டுமே எழுதக்கூடியது.

விதியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதற்காகவே 1989இல் ஆர்டன் சின்டாக்ஸ் என்ற மொழி பிறந்தது. தர்க்கத்தைப் பகிர முடிந்தது. ஆனால் ‘வெள்ளையணு எண்ணிக்கை’ இந்த மருத்துவமனையின் கணினியில் எங்கே, எந்தப் பெயரில் கிடக்கிறது என்பதை நெளிவு அடைப்புக்குறிக்குள் அந்தந்த ஊர்க்காரரே நிரப்ப வேண்டியிருந்தது. இந்தத் துறையில் அதற்கு ‘நெளிவு அடைப்புக்குறிச் சிக்கல்’ என்றே பெயர். கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதும் இடத்தில் நிரப்புவதற்கே ஒன்றும் இருக்காது.

ஆகவே அரியலூருக்கு ஒரு கருவி செய்வதானால் நான் முதலில் கேட்பது ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை. கருவியின் ஆலோசனையைச் சர்ஜன் தள்ளிவிடலாம். ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘இரவில் ஸ்கேன் இல்லை’ என்ற காரணமே மாதம் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால், திருத்த வேண்டியது அந்த விதியையா, ஸ்கேன் அறையின் ஷிப்ட்டையா என்பதை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசலாம்.