அடுப்படி எண்ணெயும் அடைபட்ட குழாயும்

தாசேக் கெலுகோர் என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. மலாய் மொழியில் தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது மீன் கறிக்குப் புளிப்பு சேர்க்கும் ஆசாம் கெப்பிங் தரும் மரம். வட செபராங் பிறையில், நெல்வயல்களுக்கு அருகில் இருக்கும் இந்த ஊர் பெரும்பாலும் சமதளம். மேட்டு நிலத்தைப் போல் இங்கே கால்வாய் நீர் விரைந்து ஓடாது. வீட்டிலிருந்து வெளியேறும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அப்படியே தேங்கிவிடும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, முறுக்குச் சட்டியைக் கழுவும்போதுதான் சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். "கடைக்குப் போய் அடைப்பு நீக்கும் தூள் வாங்கிட்டு வாங்க" என்பதுதான் அப்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் கேட்கும் குரல். உண்மையில் தூள் கடைசியாக வரவேண்டிய பொருள். சொல்லப்போனால், வராமலே இருந்தால் இன்னும் நல்லது.

குழாய் ஒரே நாளில் அடைபடுவதில்லை. ஆட்டிறைச்சிக் கொழுப்பும் நெய்யும் சூடாக இருக்கும்போது தண்ணீர்போல ஓடும். குழாய்க்குள் போய் ஆறியதும் சுவரில் மெழுகாகப் படியும். அந்த மெழுகில் தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள், இட்லி மாவு எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயைக் கரைத்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். அது எண்ணெயைக் கொஞ்சதூரம் நகர்த்தும், அவ்வளவுதான். அடைப்பு சிங்க்குக்கு அடியில் வராமல் பின்சந்தில் வரும். குளியலறையில் கதை வேறு. அங்கே தலைமுடி வலைபோலப் பின்னிக்கொள்ள, சோப்பும் தலைக்குத் தடவும் எண்ணெயும் அதில் சேர்ந்துகொள்கின்றன.

இது சிற்றூர்க் குறை என்று எண்ண வேண்டாம். 2017ஆம் ஆண்டு லண்டனில், வொயிட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்குக் கொழுப்புக் கட்டி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எடை சுமார் 130 டன். சமையல் கொழுப்பும் ஈரத்துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகிய அந்தக் கட்டியை உடைத்து அகற்ற வாரக்கணக்கில் ஆனது. அதன் ஒரு துண்டை மறு ஆண்டு அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள்!

தடுப்பது சுலபம். பொரித்த எண்ணெய் ஆறியதும் போத்தலில் ஊற்றி வைக்கலாம். பயன்படுத்திய எண்ணெயை பயோடீசல் தயாரிப்புக்காக வாங்கிச் செல்பவர்கள் பினாங்கில் உண்டு. கறிச்சட்டியைத் தண்ணீர் காட்டுவதற்கு முன் பழைய நாளிதழால் துடைத்துக் குப்பையில் போட்டாலே பாதிக் கொழுப்பு குழாய்க்குப் போகாது. சிங்க் வாயிலும் குளியலறைத் தரைத் துளையிலும் சிறு வடிகட்டி போடவேண்டும். "கழிவறையில் போடலாம்" என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் ஈரத்துடைப்புத் தாளைப் போடக்கூடாது. அது சாதாரணத் தாள்போலக் கரைவதில்லை.

அப்படியும் அடைத்துவிட்டால், ஒரு துளை மட்டும் அடைத்திருக்கிறதா, எல்லாமா என்று முதலில் பார்க்கவேண்டும். கழிவறை, குளியலறை, சிங்க் மூன்றும் ஒன்றாகத் தேங்கினால் தடை பெரும்பாலும் வெளியே இருக்கும். சிங்க் மட்டும் என்றால், அதன் கீழே வளைந்திருக்கும் குழாயைத்தான் சந்தேகிக்கவேண்டும். அந்த வளைவு வீணாக வைத்ததல்ல. அதில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர், சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிவறைக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இதே தத்துவம்தான்.

கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணத்தைத் துளைமேல் அழுத்திப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் இழுத்தால் பல அடைப்புகள் நீங்கும். சிங்க்கின் மேல்பக்கத்துத் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள மறக்கக்கூடாது, இல்லையேல் காற்று அவ்வழியே போய்விடும். பலிக்கவில்லையா? கீழே வாளி வைத்து, வளைவுக் குழாயின் திருகைக் கையால் கழற்றிக் கழுவலாம். அருவருப்பான வேலைதான், ஆனால் ஐந்து நிமிடம். கொதிநீர் ஊற்றுவது வேண்டாம், பிவிசி குழாய் இளகிவிடும். சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் நுரை வருவதைப் பார்க்கலாம். இறுகிய கொழுப்பு அதற்கெல்லாம் அசையாது.

இப்போது அந்தத் தூள். பெரும்பாலானவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. அது கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றுகிறது, அப்போது கடுமையான வெப்பமும் கிளம்புகிறது. அளவு மிஞ்சினால் குழாய்க்குள்ளேயே கல்லாக இறுகும். தண்ணீரில் தூளைப் போடலாம், தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். அலுமினியச் சட்டியில் கலக்கவே கூடாது, தீப்பற்றும் வாயு எழும். அதைவிட ஆபத்து, ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது. வெளுப்புத் திரவத்தோடு அமிலக் கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு உண்டாகும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

தூள் போட்டும் பலிக்காமல் குழாய் பழுது பார்ப்பவரை அழைத்தால், போட்டதை அவரிடம் சொல்லிவிடவேண்டும். திட்டுவாரோ என்று மறைத்தால், குழாயைக் கழற்றும் அவர் முகத்தில்தான் அந்தக் காரநீர் விழும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு, கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் குழாயும் வெளிச் சாக்கடையோடு சேரும் இணைப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. பொதுச் சாக்கடைக் குழாய் அடைத்தால் இண்டா வாட்டர் நிறுவனத்திடமும், சாலையோரக் கால்வாய் தேங்கினால் 2019இல் மாநகர் தகுதி பெற்ற செபராங் பிறை மாநகராண்மைக் கழகத்திடமும் புகார் செய்யலாம். பழைய வீடுகளில் செப்டிக் தொட்டி இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்லவேண்டும். மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் உள்ளே இறங்குவதும் கூடவே கூடாது. அங்கே தேங்கும் வாயு, விழுந்தவரை மட்டுமல்ல, தூக்கிவிட இறங்கியவரையும் சாய்த்துவிடும்.