உகந்தையில சாமான் கட்டுற நாள்



ஆடி மாசம் கிட்ட வரக்குள்ள கல்முனை மெயின் ரோட்டால காவி உடுத்த ஆக்கள் கூட்டம் கூட்டமா தெற்குப் பக்கம் நடந்து போவாங்க. வெறுங்கால், தோள்ல துணிப் பை, முன்னுக்குப் போறவர்ட கையில வேல். கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு தாண்டி, நம்மட வாசலால போற நடை. ஒண்டரை மாசம் பிடிக்கும். அந்த ஒண்டரை மாசத்தில ஒரே ஒரு நாளைப் பத்தித்தான் இண்டைக்குச் சொல்லப் போறன்: உகந்தையில காட்டுக்குச் சாமான் கட்டி, மலையும் ஏறுற நாள்.

அந்த நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? பாதையைப் பாருங்க. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். கல்முனையில இருந்து பொத்துவிலுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். இந்தத் தூரம் முழுக்க ஒரு ஊர் முடிய மற்ற ஊர். கோயில்ல அன்னதானம், ரோட்டோரத்தில தாகசாந்தி. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு எண்டு பாக்காம, கேட்டா தண்ணி கிடைக்கும். அதனால பொத்துவில் வரைக்கும் பை லேசா இருந்தாப் போதும். அறுகம்பே பாலம் தாண்டி, பாணமை தாண்டினா கடைகள் குறைஞ்சு போகும். அதுக்குப் பிறகு உகந்தை. அங்கதான் குமண தேசியப் பூங்காவின் வாசல். கொடியேத்தத்துக்கு முந்தி, குறிச்ச சில நாளைக்கு மட்டும் நடை ஆக்களுக்காக அந்தப் பாதையைத் திறப்பாங்க. உள்ள போனா குமண, கும்புக்கன் ஆறு, பிறகு யால காடு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். நாலு அஞ்சு நாள். யானை, கரடி, சிறுத்தை இருக்கிற காடு. கடை இல்லை.

இப்ப பையைக் கணக்குப் பாப்பம். அரிசி, பருப்பு, அவல், சத்துமா, கடலை, பேரீச்சம்பழம் எண்டு உலர்ந்த சாமானா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோக்குக் கொஞ்சம் மேல வைங்க. அஞ்சு நாளைக்கு மூணு கிலோ. தண்ணி நாலு லீட்டர், அது நாலு கிலோ. படுக்கிறதுக்கு விரிப்பு, மாத்துத் துணி, டோர்ச், காலுக்கு மருந்து, நாலஞ்சு ஜீவனி எண்ட உப்புச்சீனிப் பவுடர் பக்கட். பத்துக் கிலோவுக்குக் கிட்ட வந்துட்டுது. ரோட்டில சும்மா வீசிக்கிட்டு நடந்த அதே ஆள் நாளைக்கு இந்தப் பாரத்தோட, வெறுங்காலோட, சுடுமணல்ல நடக்கணும். ஆடி மாசம் நம்மட பக்கத்துக் கச்சான் காத்து எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். வேர்வை வெளியில தெரிய முந்தியே காஞ்சு போகும். குடிச்சது போதும் எண்டு நினைப்பீங்க, போதாது. இப்ப நடை காலத்தில காட்டுக்குள்ள சில இடத்துக்குப் பவுசர்ல தண்ணி வருது. அதை நம்பி வெறும் போத்தலோட உள்ள போகக் கூடாது. அரிசியைக் குறைங்க, தண்ணியைக் குறைக்காதீங்க. குழுவாப் போனா ஒரு சட்டி, ஒரு கத்தி போதும். ஆளுக்கொரு சட்டி தூக்குறது வீண்.

சரி, மலை. உகந்தை முருகன் கோயில் கடலுக்குக் கிட்ட, ஒரு பெரிய கல்மலையின்ட அடியில இருக்கு. மேல வள்ளியம்மன் கோயில். முருகனும் வள்ளியும் கல்லுத் தோணியில வந்து இந்தக் கரையில இறங்கினதா ஐதீகம். மலை ஒண்டும் பெரிய உயரமில்லை, 2243 மீற்றர் உயரமான பாவாத மலை, அதாவது சிவனொளிபாத மலையோட வைச்சுப் பேசுறதுக்கு இல்லை. ஆனா பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல்லில வெறுங்காலை வைச்சா உள்ளங்கால் வெந்து போகும், நாளைக்கு நடை சரிவராது. அதனால சுபஹுக்குப் பாங்கு சொல்ற நேரத்துக்குக் கிட்ட எழும்பி, வெயில் வர முந்தி ஏறி இறங்கிடணும். ஏறக்குள்ள வழுவழுப்பான பாறை, இடையிடையே குழி விழுந்த சுனை. உச்சியில நிண்டு கிழக்கால பாத்தா கடல். தெற்கால பாத்தா பத்தைக் காடு, களப்பு, திரும்பவும் காடு. ஒரு வீட்டுக் கூரை கண்ணில படாது.

என்னைக் கேட்டா, மலை ஏறி இறங்கின பிறகுதான் பையைக் கட்டணும். தெற்குப் பக்கத்தைக் கண்ணால பாத்த ஆள் தேவையில்லாத சாமானைத் தானா வெளியில எடுத்து வைப்பார், தண்ணிப் போத்தலை ஒண்டு கூட்டி வைப்பார். மத்தியானம் மர நிழல்ல கட்டு, பின்னேரம் படுக்கை, விடிய முந்தி காட்டு வாசல்.

மலைப் பயணத்துக்குச் சாமான் கட்டுறது புதுப் பிரச்சினை இல்லை. 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா எண்ட பயணி பாவாத மலைக்குப் போனார். புத்தளத்தில அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கு ஒண்டும், வழி தெரிஞ்ச நாலு யோகிமாரும், மூணு பிராமணரும் கொடுத்தார். அதோட உணவுச் சாமான் தூக்க மட்டும் 15 பேர்! போற வழியில தண்ணிக்குக் குறைவில்லை எண்டும் அவர் எழுதி வைச்சிருக்கார். ஒரு முஸ்லிம் பயணியை மலைக்கு அனுப்ப ஒரு இந்து அரசர் சாமான் கட்டிக் கொடுத்திருக்கார். இந்த நடை ஆக்கள் போய்ச் சேருற கதிர்காமத்திலயும் முருகன் கோயிலுக்குக் கிட்டவே பள்ளிவாசலும் ஹிழுறு நபியின்ட பேர்ல ஒரு இடமும் பால்குடி பாவாட அடக்கமும் இருக்கு. திருவிழாத் தொடங்கக்குள்ள அந்தப் பள்ளியிலயும் கொடி ஏறும்.

அதனால இந்த வருசம் உங்கட வாசலால அவங்க போகக்குள்ள ஏதாவது கொடுக்க விரும்பினா, கூல் ட்ரிங்க்ஸ் போத்தல் வேணாம். காட்டுக்குள்ள அது குப்பை, யானையின்ட வயித்துக்குள்ளயும் போகுது. விரதம் பிடிக்கிறவங்க, மச்சம் கலந்த சாப்பாடும் சரிவராது. பேரீச்சம்பழம் கொடுங்க, வறுத்த கடலை கொடுங்க, ஜீவனி கொடுங்க, பொலித்தீன் இல்லாம கடதாசிப் பையில. அவங்கட போத்தலை வாங்கி உங்கட கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டு நிரப்பிக் கொடுங்க. கால்ல கொப்புளம் இருந்தா உட்கார வைச்சு, கழுவி, மருந்து போட்டு அனுப்புங்க.