குளிரில் எழ மறுக்கும் எஞ்சின்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையை ஒட்டி, மினசோட்டா மாநிலத்தில் ரோசோ என்றொரு சிற்றூர் உண்டு. ஜனவரி மாத இரவுகளில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது புதுமையன்று. பனியில் ஓடும் வண்டிகளைச் செய்துவந்த போலாரிஸ் நிறுவனம் இவ்வூரில்தான் தோன்றியது. 1985-ஆம் ஆண்டில் அது 'டிரெயில் பாஸ்' என்னும் புதுவகை வண்டியை வெளியிட்டது. அகன்ற டயர்கள் நான்கு; மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற இருக்கையும் கைப்பிடியும்; சேறு, மணல், காட்டுப் பாதை எதுவானாலும் ஓடும். இத்தகைய வண்டிகளை ஏ.டி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அந்த வண்டியில் இருந்தது 'டூ ஸ்ட்ரோக்' என்று வழங்கும் இரு வீச்சு எஞ்சின். இன்று புதிதாக வரும் ஏ.டி.வி.க்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. ஆயினும் பழைய இரு வீச்சு வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்போருக்குக் குளிர்காலம் வந்தால் தலைவலியும் வந்துவிடும்.

ஜூலையில் ஒரே இழுப்பில் கிளம்பிய எஞ்சின், ஜனவரியில் இருபது முறை கயிற்றை இழுத்தாலும் அசையாது. ஒருவாறு கிளம்பினாலும் வேகமெடுக்கும்போது திணறும். சில வேளைகளில் ஓட்டத்தின் நடுவே இறுகி நின்றுவிடும். பெட்ரோல் அதேதான், எஞ்சினும் அதேதான். மாறியது காற்றின் வெப்பநிலை ஒன்றே. அது ஏன் இத்தனை தொல்லை தருகிறது?

விடை, நீங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கும் இரண்டு பாடங்களில் இருக்கிறது. ஒன்று ஆவியாதல், மற்றொன்று அடர்த்தி. கிளம்ப மறுப்பது பெரும்பாலும் முதல் பாடத்தைச் சேர்ந்தது. ஓட்டத்தில் திணறுவது இரண்டாம் பாடத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட்டு, தேவையானதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எரிவது திரவமன்று, ஆவி

திரவ நிலையிலுள்ள பெட்ரோல் எரிவதில்லை என்றால் வியப்பாக இருக்கிறதா? உண்மையில் எரிவது அதன் ஆவியே. அதுவும் எந்த அளவில் இருந்தாலும் எரியாது. காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் சுமார் 1.4 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும், சுமார் 7.6 விழுக்காட்டுக்கு மிகுந்தாலும் தீப்பொறி பட்டும் பற்றாது. முழுமையாக எரிய வேண்டுமானால், எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை.

மார்கழிக் குளிரில் கொடியில் போட்ட துணி உலர நேரமாகிறதல்லவா? வெப்பம் குறைந்தால் ஆவியாதலும் குறைகிறது. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் சில மட்டுமே கடுங்குளிரில் ஆவியாகின்றன. மற்றவை துளிகளாகவே தங்கிவிடுகின்றன.

இரு வீச்சு எஞ்சினில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதில் கலவை நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது அங்கே அமுக்கப்பட்டு, பக்கத்துவாரங்களின் வழியே மேலே செல்கிறது. குளிர்ந்த கிராங்க் அறையின் சுவர்களில் பெட்ரோல் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. தீப்பொறி காத்திருக்கும் இடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வெறுங்காற்றே!

இதற்கு வழி என்ன? பெட்ரோலைப் பல மடங்கு கூட்டித் தருவதுதான். அதில் சிறு பகுதி ஆவியானாலும் போதிய ஆவி கிடைத்துவிடும். இதைச் செய்யும் அமைப்புக்குத்தான் 'சோக்' என்று பெயர். சில கார்புரேட்டர்களில் அது காற்றுவழியை அடைக்கும் ஒரு தகடு. வேறு பலவற்றில் தகடு கிடையாது. குமிழை இழுத்தால், பெட்ரோல் வருவதற்குத் தனியாக ஒரு சிறு வழி திறக்கும்.

இந்த இரண்டாம் வகையில் ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் உறிஞ்சும் வலிமையால்தான் அச்சிறு வழியில் பெட்ரோல் ஏறுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பெரிய காற்றுவழி திறந்து, உறிஞ்சும் வலிமை குறைந்துவிடும். பெட்ரோலும் ஏறாது. ஆகவே குளிரில் கிளப்பும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருப்பதே முறை. பதற்றத்தில் அதை அழுத்திக்கொண்டே கயிற்றை இழுப்பவருக்குக் கைவலிதான் மிஞ்சும்.

மூன்று வழிகள்

எஞ்சின் கிளம்பிவிட்டது. இனி அதற்குப் பெட்ரோலை அளந்து ஊட்டுவது யார்? கார்புரேட்டரின் உள்ளேயிருக்கும் 'ஜெட்'டுகள். ஜெட் என்பது நடுவே நுண்ணிய துளையுள்ள சிறு பித்தளைத் திருகு. துளை பெரிதானால் பெட்ரோல் மிகும், சிறிதானால் குறையும்.

இத்தகைய கார்புரேட்டரில் பெட்ரோல் செல்ல முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போதும் சிறிதளவே திறந்திருக்கும்போதும் 'பைலட் ஜெட்' ஊட்டுகிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை திறக்கும்போது, மேலும் கீழும் நகரும் கூம்பு வடிவ ஊசி அளந்து கொடுக்கிறது. அதற்கும் மேல் 'மெயின் ஜெட்' பொறுப்பேற்கிறது.

ஆகவே காலையில் கிளம்பாத எஞ்சினுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, கண் நோய்க்குக் காலில் மருந்திடுவது போலாகும். கிளம்பும் வேளையில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை.

ஒரு முடியின் தடிமன்

இப்பொழுது இரண்டாவது பாடத்துக்கு வருவோம். காற்று குளிர்ந்தால் அடர்த்தி மிகும். கோடையில் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழ் 30 டிகிரி, அதாவது 243 கெல்வின். அழுத்தம் மாறாதபோது அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 303-ஐ 243-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.25. குளிர்காலத்தில் எஞ்சின் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் 25 விழுக்காடு கூடுதலான காற்று உள்ளே போகிறது!

பெட்ரோலும் அதே அளவு கூடுமானால் கவலையில்லை. ஆனால் துளை வழியே பாயும் பெட்ரோலின் அளவு, காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 1.25-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.12. காற்று 25 விழுக்காடு கூடியபோது, பெட்ரோல் 12 விழுக்காடுதான் கூடியது. இப்போதுள்ளதைப் போல் இன்னும் ஒரு 12 விழுக்காடு சேர்த்தால்தான் ஈடாகும்.

அதற்குத் துளையை எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? எடுத்துக்காட்டாக, கோடைக்கு ஏற்ற மெயின் ஜெட்டின் துளை 1.20 மி.மீ. என்று கொள்வோம். பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பை 12 விழுக்காடு கூட்ட, விட்டம் 1.27 மி.மீ. ஆனால் போதும். வேறுபாடு 0.07 மி.மீ.; நம் தலைமுடி ஒன்றின் தடிமன்! இது தோராயக் கணக்குதான். ஆயினும் எத்தனை நுண்மையான அளவில் எஞ்சினின் நலம் அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டப் போதுமானது.

மலையேறினால் கதை தலைகீழாகும். கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில் நகரம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எனவே கடற்கரைக்கு ஏற்ற ஜெட்டுடன் அங்கே சென்றால் பெட்ரோல் மிகுந்துவிடும். எஞ்சின் கரும்புகை கக்கி வலிமை இழக்கும். அங்கே சிறிய ஜெட் தேவை.

குறைந்தால் வரும் கேடு

பெட்ரோல் மிகுந்தால் புகையும் வீண் செலவும். குறைந்தாலோ எஞ்சினுக்கே ஆபத்து. முழு வேகத்தில் உள்ளே வரும் கூடுதல் பெட்ரோல், ஆவியாகும்போது பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது குறைந்தால் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறும். மேலும், பழைய இரு வீச்சு வண்டிகள் பலவற்றில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவார்கள். பெட்ரோல் குறைந்தால் மசகெண்ணெயும் குறைகிறது.

பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். சூடேறிய பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். அதைப் 'பிடித்துக்கொண்டது' என்பார்கள். சில சமயம் பிஸ்டனின் தலையில் ஓட்டையே விழுந்துவிடும். ஊருக்குள் நடந்தால் இது பணச் செலவோடு போகும். உறைந்த காட்டின் நடுவே, மாலை மங்கும் வேளையில் நடந்தால், ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் விரட்டுவதும் தவறு. பிஸ்டன் விரைவில் விரிய, சிலிண்டர் மெதுவாகவே விரியும். அப்போதும் இறுக்கம் நேரலாம். சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுவது நல்லது.

பிளக் சொல்லும் சாட்சி

தேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் எதையும் மாற்றுவதில்லை. ஐந்தாறு முறை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. தொட்டியின் குழாய் திறந்திருக்கிறதா, தொட்டி மூடியின் காற்றுத் துளையைப் பனி அடைத்ததா, பெட்ரோலில் கலந்த நீர் உறைந்துவிட்டதா, சோக்கின் சிறு வழி அடைபட்டதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. தீப்பொறி வலுவற்றதாக இருக்கலாம். அல்லது பெட்ரோல் மிகுந்து மூழ்கியிருக்கலாம். மூழ்கியிருந்தால் பெட்ரோலை அடைத்து, சோக்கை மூடி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் திறந்து சில முறை இழுத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்.

எஞ்சின் கிளம்பிச் சூடேறிய பிறகும் சோக்கை மூடியதும் நின்றுவிடுகிறதா? பைலட் ஜெட் அடைபட்டிருக்கலாம். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி அந்த நுண்துளையை அடைத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டபின்பும் எஞ்சினின் வேகம் தணியாமல் நிற்கிறதா? கிராங்க் அறையின் சீல் வழியே காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அக்கசிவு இருக்கும்வரை எந்த ஜெட்டை மாட்டினாலும் பயனில்லை.

ஓட்டத்தில் குறை என்றால் பிளக்கின் நிறத்தைப் பார்க்கலாம். கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் குறைவு. இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்?

ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும் தீப்பற்றும் ஆவியை வெளிவிடும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு நிறைந்து மூச்சைப் பறிக்கும். எனவே இச்சோதனைகளைப் பெரியவர்கள் உடனிருக்க, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை எந்த எஞ்சினாவது முரண்டு பிடிப்பதைப் பார்த்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது கிளம்ப மறுக்கிறதா, ஓட மறுக்கிறதா? பெட்ரோல் மிகுந்ததா, குறைந்ததா? விடை கிடைத்த பிறகு ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.